பிணவண்டி, போலீஸ் வேன், ஃப்ரீடம் ஹவுஸ்

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. "இருக்கியா, இல்லையா?"ன்னு மின்னஞ்சல் போட்டு விசாரிச்ச நண்பர்களுக்கு நன்றி. இருக்கேன். முதுகலைப் படிப்பு ஒரு பக்கம் கழுத்தைப் பிடிக்குது. அது போதாதுன்னு, சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா, சனிக்கிழமைகள்ல ஈ.எம்.டி. வகுப்பு ஒண்ணுல சேர்ந்திருக்கேன்.

ஈ.எம்.டி.ன்னா எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன். ஆம்புலன்ஸ்ல வந்து இறங்குவாங்களே, அவங்க. டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மூச்சு இருக்கான்னு பார்க்கிறது, ரத்தத்தை நிறுத்துறது, எலும்பு முறிஞ்சா கட்டுறது, ஆளை மேலும் கெடுக்காம ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு சேர்க்கிறது. இவ்வளவுதான் வேலை. "இவ்வளவுதான்"னு சொல்றது சுலபமா இருக்கு :-)

முதல் வகுப்பிலேயே ஒரு ரப்பர் பொம்மையைக் கொடுத்து, நெத்தியில ஒரு கையை வைச்சு தலையைப் பின்னால சாய்ச்சு, இன்னொரு கை விரலால தாடையைத் தூக்கச் சொன்னாங்க. அவ்வளவு எளிமையான விஷயம். மயக்கத்துல இருக்கிற ஆளுக்குத் தசையெல்லாம் தளர்ந்து, நாக்கு பின்னால விழுந்து தொண்டையை அடைச்சிடும். தலையைச் சாய்ச்சுத் தாடையைத் தூக்கினா நாக்கும் கூடவே தூக்கிக்கும். காத்துக்கு வழி கிடைக்கும். நாங்க எல்லாரும் பொம்மையோட மல்லுக்கட்டிட்டு இருக்கும்போது வாத்தியார் சாவகாசமா ஒண்ணு சொன்னார். "இந்த வித்தையை அறிவியலா நிரூபிச்ச ஆள் வாழ்ந்தது இந்த ஊர்லதான். இதைத் தெருவுக்குக் கொண்டு போனவங்களும் இந்த ஊர்க்காரங்கதான். உங்க புத்தகத்துல அவங்களைப் பத்தி ஒரு பாரா இருந்தா அதிகம்."

நான் இருக்கிறது பிட்ஸ்பர்க். அந்த ஒரு பாராவுக்குப் பின்னால இருக்கிற கதையைத் தேடிப் போனதுல பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ரெண்டு வாரம் காலி. அதைத்தான் இப்போ உங்க தலையில கட்டப் போறேன்.

கதை தொடங்குற காலத்துல அமெரிக்காவில ஆம்புலன்ஸ் எப்படி இருந்ததுன்னு முதல்ல சொல்லணும். 1966ல தேசிய அறிவியல் அகாதமி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. விபத்து மரணமும் ஊனமும் நவீன சமூகம் கண்டுக்காம விட்ட நோய்ங்கிற அர்த்தத்துல தலைப்பு. முந்தைய வருஷம் 1965ல மட்டும் விபத்துகள்ல செத்தவங்க 1,07,000 பேர். அதுல சாலை விபத்து மட்டும் 49,000. இந்த எண்ணிக்கைகூட எனக்கு அதிர்ச்சியா இல்லை. அடுத்து வர்ற தகவல்தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாட்டில ஓடுற ஆம்புலன்ஸ் சேவையில கிட்டத்தட்ட பாதியை நடத்தினது சவ அடக்கம் செய்யற நிறுவனங்கள். மொத்தம் 12,000 பேர்!

காரணம் ரொம்ப எளிமை. ஒரு மனுஷனை நீட்டிப் படுக்க வைக்கிற அளவுக்கு நீளமான வண்டி ஊர்ல அவங்ககிட்டதான் இருந்தது. காலையில பிணம் போன வண்டியில சாயங்காலம் உயிரோட ஒருத்தர் போவார். மேல ஒரு விளக்கை மாட்டினா ஆம்புலன்ஸ், கழட்டினா அமரர் ஊர்தி. ஆள் பிழைச்சா ஆஸ்பத்திரி வாடகை, பிழைக்கலைன்னா அடக்கச் செலவு, எப்படிப் பார்த்தாலும் கடைக்கு நஷ்டமில்லைன்னு நினைக்கத் தோணுது. ஆனா அவங்களைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. வேற யாரும் செய்யாததைத்தான் அவங்க செஞ்சாங்க. பல சின்ன ஊர்ல அவங்களும் இல்லைன்னா எதுவுமே இல்லை.

அதே அறிக்கையில இன்னொரு வரி. வியட்நாம்ல இருந்து திரும்பின நிபுணர்கள், பலத்த காயம் பட்டா நகரத்துத் தெருவைவிடப் போர்க்களத்துல பிழைக்க வாய்ப்பு அதிகம்னு வெளிப்படையாவே சொல்லியிருக்காங்களாம். போர்க்களத்துல பயிற்சி பெற்ற மெடிக் இருந்தான், ஹெலிகாப்டர் இருந்தது. தெருவில, விளக்கு மாட்டின பிணவண்டி.

பிட்ஸ்பர்க்ல அந்த வேலையைப் பெரும்பாலும் பார்த்தது போலீஸ். கைதிகளை அள்ளிட்டுப் போற வேன்லயே நோயாளியும் போகணும். ரெண்டு போலீஸ்காரங்க வருவாங்க, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிப் பின்னால போட்டுட்டு, ரெண்டு பேரும் முன்னால ஏறிப் பறப்பாங்க. பின்னால நோயாளி தனியா. மூச்சு நின்னாலும் பார்க்க ஆள் கிடையாது.

இப்போ ஹில் டிஸ்ட்ரிக்டைப் பத்திச் சொல்லணும். நகரத்து மையத்தை ஒட்டின மேட்டுல இருக்கிற கறுப்பின மக்களோட பகுதி. ஜாஸ் இசைக்குப் பேர் போன இடம். நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிறந்து வளர்ந்த இடம். 1950களோட கடைசியில "நகர மறுசீரமைப்பு"ன்னு சொல்லிக் கீழ்ப்பகுதியை இடிச்சுத் தரைமட்டமாக்கி, அங்கே சிவிக் அரீனான்னு ஒரு பிரம்மாண்ட அரங்கம் கட்டினாங்க. வீடு இழந்தவங்க சுமார் 8,000 பேர். இப்படிப்பட்ட பகுதியில ஒரு அம்மாவுக்கு நெஞ்சு வலின்னா போலீஸுக்குப் போன் போடணும். போலீஸ் வந்தா என்ன நடக்கும்னு அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூப்பிட்டும் வராம போறதும் நடந்தது. அதனால பல பேர் கூப்பிடவே மாட்டாங்க.

இந்த இடத்துல பீட்டர் சஃபார் உள்ளே வர்றார். வியன்னாவில 1924ல பிறந்தவர். மயக்க மருந்து நிபுணர். அம்மா வழியில யூதப் பின்னணி இருந்ததால நாஜிகள் காலத்துல தொழிலாளர் முகாமுக்கு அனுப்பினாங்க. ராணுவத்துக்குப் பிடிச்சிட்டுப் போக வந்தப்போ, தன்னோட தோல் நோயைத் தானே மருந்து தடவிக் கிளறிவிட்டுத் தப்பிச்ச ஆளு. போர் முடிஞ்சு அமெரிக்கா வந்தார்.

1956ல கான்சாஸ் சிட்டியில ஒரு மருத்துவ மாநாடு. முடிஞ்சு கார்ல திரும்பும்போது ஜேம்ஸ் ஈலம்ங்கிற இன்னொரு டாக்டரும் கூட வந்தார். ஒருத்தர் வாயால ஊதுற காத்தில இன்னொருத்தரை உயிரோட வைக்கப் போதுமான ஆக்சிஜன் இருக்குன்னு ஈலம் ஏற்கெனவே காட்டியிருந்தார். வழி முழுக்க இதே பேச்சு. சஃபாருக்கு அது மண்டைக்குள்ள புகுந்துடுச்சு.

அந்தக் காலத்துல மூச்சு நின்னவரைக் குப்புறப் படுக்க வைச்சு முதுகை அமுக்கி, கையைத் தூக்கி இறக்குற முறைதான் எல்லாப் பாடப்புத்தகத்துலயும் இருந்தது. அது வேலை செய்யுதான்னு சஃபார் பால்டிமோர்ல சோதிச்சுப் பார்த்தார். எப்படித் தெரியுமா? தன்னார்வலர்களுக்கு மயக்கம் கொடுத்து, க்யூராரே வகை மருந்தால தசைகளைச் செயலிழக்க வைச்சு, தானா மூச்சு விட முடியாத நிலையில மணிக்கணக்காப் படுக்க வைச்சு! அதுக்குச் சம்மதிச்சவங்கள்ல பலர் டாக்டர்கள், நர்ஸுகள், மருத்துவ மாணவர்கள். இன்னிக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதுக்கு அனுமதி தராது. முடிவு தெளிவா வந்தது. முதுகை அமுக்குற முறையில பல பேருக்குக் காத்தே உள்ளே போகலை, நாக்கு அடைச்சுக்கிட்டு இருந்தது. தலையைச் சாய்ச்சுத் தாடையைத் தூக்கி வாயால ஊதினா போச்சு. அதைவிட முக்கியம், ஊதினவங்கள்ல மருத்துவம் படிக்காதவங்களும் இருந்தாங்க. சாதாரண ஆளுக்கும் பத்து நிமிஷத்துல சொல்லித்தர முடியும்னு நிரூபணம் ஆச்சு.

1960ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல நெஞ்சை அமுக்குற முறை வெளிவந்தது. ரெண்டும் சேர்ந்து நாம இன்னிக்குச் சொல்ற சி.பி.ஆர். ஆச்சு. நார்வேயில பொம்மை செய்துக்கிட்டு இருந்த ஆஸ்மண்ட் லேர்டால்ங்கிறவர் பயிற்சிக்குன்னு ரெசசி ஆன் பொம்மையைச் செஞ்சார். நெஞ்சுக்குள்ள ஸ்பிரிங் வைக்கச் சொன்னது சஃபார்தான். வகுப்பில நான் மல்லுக்கட்டினது அதோட பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ.

1961ல சஃபார் பிட்ஸ்பர்க் வந்தார். 1966ல ரெண்டு சாவு. முதல்ல அவரோட சொந்த மகள் எலிசபெத். அவர் வெளியூர்ல மாநாட்டில இருந்தப்போ ஆஸ்துமா முத்தி, இதயம் நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில இதயத்தைத் திரும்ப ஓட வைச்சாங்க. மூளை திரும்பலை. மூச்சை மீட்குற வித்தையை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த மனுஷன் வீட்டில.

அதே வருஷம் நவம்பர் 4. பிட்ஸ்பர்க்ல நாலு தடவை மேயரா இருந்து, பென்சில்வேனியா கவர்னராவும் இருந்த டேவிட் லாரன்ஸ் மேடையில பேசிட்டு இருக்கும்போதே சரிஞ்சார். கூட்டத்துல இருந்த ஒரு நர்ஸ் முதலுதவி செஞ்சாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதயம் ஓடுச்சு, இங்கேயும் மூளை திரும்பலை. நவம்பர் 21ல இறந்தார். முன்னாள் கவர்னருக்கே கதி இதுதான்னா ஹில்ல இருக்கிற அம்மாவுக்கு?

ஃபில் ஹாலன்னு ஒருத்தர். மாரிஸ் ஃபால்க் மருத்துவ நிதியத்தோட தலைவர், ஒரு காலத்துல தானே ஆம்புலன்ஸ் ஓட்டினவர். ஹில் மக்களுக்கு நல்ல ஆம்புலன்ஸ் வேணும், அங்கே வேலையில்லாம இருக்கிற இளைஞர்களுக்கு வேலையும் வேணும், ரெண்டையும் ஒரே கல்லுல அடிக்கலாமேன்னு யோசிச்சார். ஹில்ல ஏற்கெனவே வேலைவாய்ப்புக்காக இயங்கிட்டு இருந்த ஃப்ரீடம் ஹவுஸ் என்டர்பிரைசஸ் அமைப்பு கைகோத்தது. வண்டிக்குள்ள என்னென்ன வைக்கணும்னு ஆலோசனை கேட்க சஃபாரைப் போய்ப் பார்த்திருக்காங்க. சஃபார் வண்டியோட நிக்கலை. ஆட்களை நானே பயிற்றுவிக்கிறேன்னுட்டார்.

1967. ஆள் எடுத்தாங்க. பள்ளிப்படிப்பை முடிக்காதவங்க உண்டு. வியட்நாம் போய் வந்து வேலை கிடைக்காதவங்க உண்டு. சிறைக்குப் போய் வந்தவங்களும் உண்டு. எல்லாரும் கறுப்பின இளைஞர்கள். வேலைக்கு லாயக்கில்லைன்னு ஊரே முத்திரை குத்தியிருந்த பசங்க. அவங்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி! உடற்கூறு, உடலியங்கியல், சி.பி.ஆர்., பாதுகாப்பா வண்டி ஓட்டுறது, அப்புறம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நேரடி அனுபவம்.

இந்த 300ஐக் கொஞ்சம் மனசுல வைச்சுக்கங்க. மத்திய போக்குவரத்துத் துறை நாடு முழுக்கன்னு ஈ.எம்.டி.க்கு வகுத்த முதல் பாடத்திட்டம் 1971 வாக்குல வந்தது. அது 81 மணி நேரம். நான் இப்போ படிக்கிறது அதைவிட ரெண்டு மடங்கு, அப்பவும் 300 வரலை. வேற ஊர்கள்லயும் அந்தச் சமயம் முயற்சிகள் நடந்தது உண்மை. பெல்ஃபாஸ்ட்ல 1966லயே பான்ட்ரிட்ஜ் இதய நோயாளிகளைத் தேடி வண்டி அனுப்பினார், ஆனா அதுல போனது டாக்டர். மயாமி, சியாட்டில்ல தீயணைப்பு வீரர்களுக்குக் கத்துக்கொடுத்தாங்க. வேலையில்லாத பசங்களைக் கூட்டி வந்து இவ்வளவு ஆழமாச் சொல்லிக்கொடுத்தது இங்கேதான்.

1968ல வண்டிகள் ஓட ஆரம்பிச்சது. ஏப்ரல்ல மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டாங்க, ஹில் பத்தி எரிஞ்சது. அந்தக் களேபரத்துக்கு நடுவுல இவங்க வேலை பார்த்தாங்க. முதல் வருஷத்துல கிட்டத்தட்ட 5,800 அழைப்புகள், 4,600க்கு மேல நோயாளிகள். சஃபாரோட கணக்குப்படி 200 உயிர் மிஞ்சியது.

எண்ணிக்கையில வராத விஷயமும் இருக்கு. பல வருஷம் கழிச்சுக் கொடுத்த பேட்டிகள்ல அவங்களே சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரியில இவங்களைத் துடைக்கப் பெருக்க வந்தவங்கன்னு நினைச்சவங்க உண்டு. "என்னைத் தொடாதே"ன்னு சொன்ன நோயாளிகள் உண்டு. சம்பவ இடத்துல போலீஸ் குறுக்கே நின்னதும் உண்டு. ஆனா ஹில்ல ஒரு வழக்கம் வந்துடுச்சாம். போன் போட்டதும் "போலீஸை அனுப்பாதீங்க, ஃப்ரீடம் ஹவுஸை அனுப்புங்க"ன்னு கேட்கிறது.

ஜான் மூன்னு ஒருத்தர். ஆஸ்பத்திரியில எடுபிடி வேலை பார்த்துட்டு இருந்தவர். ஒரு நாள் ரெண்டு கறுப்பின ஆளுங்க நோயாளியை எடுத்துப் போக வந்து, என்ன செய்யணும்னு தாங்களே முடிவெடுத்து, மிடுக்கா நடந்து போனதைப் பார்த்திருக்கார். இப்படியும் ஒரு வேலையான்னு அன்னிக்கு விழுந்த ஆசை, கொஞ்ச நாள்ல அவரும் ஃப்ரீடம் ஹவுஸ் ஆள்.

1970களோட நடுவுல நான்சி கரோலின்னு ஒரு இளம் டாக்டர் சஃபார்கிட்ட மேற்பயிற்சிக்கு வந்தாங்க. ஃப்ரீடம் ஹவுஸுக்கு மருத்துவ இயக்குநர் ஆக்கினாங்க. ஆபீஸ்ல உட்கார்ந்து கையெழுத்துப் போடுற ரகம் இல்லை. வண்டியில கூடவே போவாங்க, ஒவ்வொரு கேஸையும் அப்புறம் உட்கார்ந்து அலசுவாங்க, வயர்லெஸ்ல ராத்திரி பகல் பார்க்காம இருப்பாங்க. மத்திய அரசு பாராமெடிக்குகளுக்கு நாடு முழுக்கப் பொதுவான பாடத்திட்டம் எழுதும் பொறுப்பை அவங்ககிட்ட கொடுத்தப்போ, அந்தப் பாடத்துக்கு உரைகல்லா இருந்தது இந்த ஹில் பசங்கதான். அதை ஒட்டி வந்த அவங்க புத்தகத்தோட புதிய பதிப்புகளை இன்னிக்கும் பாராமெடிக் மாணவர்கள் சுமக்கிறாங்க. தடிமன்ல நம்ம பஞ்சாங்கம் பத்தைக் கட்டி வைச்ச மாதிரி இருக்கும்.

இதுக்கு நடுவுல ஒரு சிரிப்பு. சிரிப்புன்னு சொல்லலாமான்னு தெரியலை. 1974ல ஆம்புலன்ஸ் வண்டி எப்படி இருக்கணும்னு மத்திய அரசு ஒரு விதிமுறை வெளியிட்டுச்சு. அரசாங்கக் கோப்பு வகைப்பாட்டுப்படி அதுக்கு வந்த எண் கே.கே.கே. 1822. கறுப்பின மக்களைக் கொன்னு குவிச்ச கூட்டத்தோட சுருக்கப் பெயர் அதே மூணு எழுத்துதான். தற்செயல்தான், ஆனா யாருமே கவனிக்கலையா?!

சரி, முடிவுக்கு வர்றேன். ஃப்ரீடம் ஹவுஸ் நல்லா நடந்ததுதான் அதுக்கு வினையாச்சு. மத்த பகுதிகள்ல இருந்த வெள்ளையர்கள், ஹில்லுக்கு இவ்வளவு நல்ல ஆம்புலன்ஸ், நமக்கு மட்டும் இன்னும் போலீஸ் வேனான்னு கேட்க ஆரம்பிச்சாங்க. நியாயமான கேள்வி. இருக்கிறதை ஊர் முழுக்க விரிவுபடுத்தறதுதான் சுலபமான பதில். மேயர் பீட் ஃப்ளாஹர்ட்டி நகராட்சிக்குன்னு தனியா ஒரு ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்க முடிவு பண்ணினார். 1975 அக்டோபர் 15, ஃப்ரீடம் ஹவுஸுக்குக் கடைசி நாள்.

கரோலின் விடாம வாதாடி, இவங்களையும் புதுச் சேவையில சேர்த்துக்கணும்னு வைச்சாங்க. சேர்த்துக்கிட்டாங்க. அப்புறம்தான் வேடிக்கை. புதுசு புதுசாப் பரீட்சை வைச்சாங்க, பாடத்துல வராத விஷயங்களைக் கேட்டாங்க. பழைய குற்றப் பதிவு இருந்தவங்களை நீக்கினாங்க. பல வருஷ அனுபவம் உள்ளவங்களை, நேத்து வந்த வெள்ளைப் பையனுக்குக் கீழே பெட்டி தூக்க வைச்சாங்க. ஒவ்வொருத்தரா விலகிப் போனாங்க. நீடிச்சு நின்னவங்க ஒரு கைப்பிடி. அதுல ஜான் மூன் ஒருத்தர். அதே துறையில உதவித் தலைவர் வரைக்கும் உயர்ந்து 2009ல ஓய்வு பெற்றார். 2020ல இந்த ஊர் மருத்துவக் குழுமம் ஒண்ணு ஃப்ரீடம் ஹவுஸ் பெயரிலேயே ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியிருக்கு. 45 வருஷம் கழிச்சு.

இந்தப் பரீட்சை விஷயம்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. வேலை தெரியாதவனை வடிகட்ட வைச்ச சல்லடையை, வேலையைக் கண்டுபிடிச்சவன் தலையில கவிழ்த்திருக்காங்க.

"கம்ப்யூட்டர் படிக்கிறவனுக்கு இந்த வகுப்பு எதுக்குடா?"ன்னு என் அறைத்தோழன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன்கிட்ட சொல்லலை, இங்கே சொல்றேன். எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது பெரியப்பா வீட்டுத் திண்ணையில மயங்கி விழுந்தார். 108க்குப் போன் போட்டாச்சு, ஆனா வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க யாருக்கும் மனசில்லை. சோடா வாங்கி மூஞ்சியில தெளிச்சாங்க. "தூக்கி உட்கார வைங்கப்பா"ன்னு யாரோ கத்தினாங்க. ஆட்டோவில நடுவுல உட்கார வைச்சு, ஒரு பக்கம் சித்தப்பா, இன்னொரு பக்கம் நான். தலை நெஞ்சுல தொங்கித் தொங்கி விழுந்துச்சு. "தலை ஆடாம புடிச்சுக்கடா"ன்னாங்க. நானும் நெஞ்சோட அமுக்கி, ஆடாம, கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். கரகரன்னு ஒரு சத்தம் வந்துட்டே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் நின்னுடுச்சு. தூங்கிட்டார்னு நினைச்சேன்.

அந்தச் சத்தம் என்னன்னு முதல் வகுப்பிலதான் தெரிஞ்சுது. வாத்தியார் தானே தொண்டையை அடைச்சுக்கிட்டு அப்படியே குறட்டை மாதிரி செஞ்சு காட்டினார், "இது கேட்டா நாக்கு விழுந்திருக்குன்னு அர்த்தம், உடனே தலையைச் சாய்" அப்படின்னு. சாய்ச்சிருந்தாப் பெரியப்பா பிழைச்சிருப்பாரான்னு வாத்தியார்கிட்ட தனியாக் கேட்டேன். என்ன காரணத்தால மயங்கினார்னு தெரியாம யாரும் சொல்ல முடியாதுன்னார். கொஞ்சம் பொறுத்து, "நீ சின்னப் பையன்"ன்னார்.

நாளைக்குக் காலையில எட்டு மணிக்குச் செய்முறைத் தேர்வு. முதல் கேள்வி மூச்சுப்பாதைதான்னு சீனியர்கள் சொல்றாங்க. தேர்வு எப்படிப் போச்சுன்னு அடுத்த பதிவுல. உங்க ஊர்ல 108லயோ வேற ஆம்புலன்ஸ்லயோ வேலை பார்க்கிற தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, அவங்களுக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.